கவுண்டி ஜெயில் செலவு: ஸ்காப் மானியமா, ஐஸ் வாடகையா, இரண்டுமே வேண்டாமா?

சில வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயிலின் பதிவுகளிலிருந்து ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எடுத்துத் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கைதிக்கு ஒரு வரி. பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, உள்ளே வந்த தேதி, வெளியே போன தேதி, எஃப்பிஐ எண் இருந்தால் அது, குடியேற்றத் துறை கொடுத்த ஏ-நம்பர் இருந்தால் அதுவும். அவ்வளவுதான், அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர் ‘ஐ-என்’ என்று இரண்டு எழுத்து அடித்திருப்பார். அது இந்தியாவா, இந்தியானா மாநிலமா? ‘சி-ஏ’ என்றால் கனடாவா, கலிஃபோர்னியாவா? ‘ஜி-ஏ’ ஜார்ஜியா என்றால் எந்த ஜார்ஜியா? இந்தியானாவில் பிறந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவை நான் கிட்டத்தட்ட ஆவணமற்ற குடியேறியாக்கி வாஷிங்டனுக்கு அனுப்பியிருப்பேன், கடைசி நேரத்தில் குடும்பப் பெயரைப் பார்த்துச் சந்தேகம் வந்ததால் பிழைத்தார்.

அந்த ஃபைல் போனது ஸ்காப் என்ற மானியத்துக்கு. விரித்தால் ‘மாநிலக் குற்றவாளி அந்நியர் உதவித் திட்டம்’ என்று கரடுமுரடாக வரும், எனவே ஸ்காப் என்றே வைத்துக்கொள்வோம். ஆவணமில்லாமல் இருக்கும் ஒருவர் உள்ளூரில் குற்றம் செய்து உள்ளூர் ஜெயிலில் அடைபட்டால் அவரைப் பார்த்துக்கொண்ட செலவில் ஒரு பகுதியை ஃபெடரல் அரசு மாநிலத்துக்கோ கவுண்டிக்கோ நகரத்துக்கோ திருப்பித் தரும். குடியேற்றம் முழுக்க ஃபெடரல் அரசின் கையில் இருக்கும் விஷயம், எல்லையைக் காக்க வேண்டியவர் அவர், அதனால் வந்த செலவை உள்ளூர் சொத்து வரி கட்டுபவன் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை நியாயம். நியாயம் சரிதான். கணக்குதான் இடிக்கிறது.

இப்போது ஒரு கவுண்டி போர்டு முன்னால் இருக்கும் வழிகளை எடுத்துக்கொள்வோம். ஸ்காப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஜெயிலில் காலியாக இருக்கும் படுக்கைகளைக் குடியேற்ற அமலாக்கத் துறைக்கு, அதாவது ஐஸுக்கு, நாள் வாடகைக்கு விடலாம். 287(ஜி) என்ற ஒப்பந்தம் போட்டு, கவுண்டி போலீஸின் தலைவரான ஷெரிஃபின் ஆட்களையே ஐஸின் கைகளாக மாற்றி, அதற்குச் சம்பளம் வாங்கலாம். வழக்குப் போட்டு முழுச் செலவையும் கேட்கலாம். அல்லது யாரிடமும் கைநீட்டாமல் சும்மா இருக்கலாம்.

வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே முடிந்துபோன கதை. 1986 குடியேற்றச் சட்டத்திலேயே இந்தச் செலவைத் திருப்பித் தரலாம் என்று எழுதியிருந்தார்கள், ஆனால் பல வருடம் பணம் ஒதுக்கவே இல்லை. 1994-ல் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் ஏழு மாநிலங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஆவணமற்றவர்களைச் சிறையில் வைத்த செலவு வருடத்துக்குச் சுமார் 47.1 கோடி டாலர் என்று வந்தது, அதில் பெரும்பங்கு கலிஃபோர்னியாவுடையது. அந்த வருடங்களில்தான் ஃபுளோரிடா ஆளுநர் லாட்டன் சைல்ஸ், கலிஃபோர்னியா ஆளுநர் பீட் வில்சன் இருவரும் ஃபெடரல் அரசைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி, பணம் என்று வந்தால் கட்சி கிடையாது. டெக்சாஸ், அரிசோனா, நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கமிருந்தும் வழக்குகள் போயின. எல்லாம் தோற்றன. எவ்வளவு ஒதுக்குவது என்பது காங்கிரஸின் வேலை, நாங்கள் அதில் தலையிட முடியாது என்று நீதிமன்றங்கள் கைவிரித்துவிட்டன. 2025-லும் யாராவது போர்டு கூட்டத்தில் எழுந்து வழக்குப் போடுவோம் என்றால் இந்தத் தீர்ப்புகளை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போகலாம்.

வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே 1994 குற்றத் தடுப்புச் சட்டம் வந்தது. அதில் உள்ள ஒரு வாசகம் படிக்கச் சுவாரசியமானது. மாநிலமோ உள்ளாட்சியோ எழுத்தில் கேட்டால் ஃபெடரல் நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: செலவை ஈடுகட்ட வேண்டும், அல்லது கைதியையே தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகா, காசைக் கொடு இல்லையென்றால் ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்று நாம் சொல்லலாம் போலிருக்கிறதே என்று தோன்றும். இல்லை, இரண்டில் எது என்பதை முடிவு செய்வது அட்டர்னி ஜெனரல்தான். அவர் எப்போதும் முதலாவதைத்தான் எடுப்பார், அதுவும் காங்கிரஸ் ஒதுக்கிய அளவுக்குள். கல்யாணச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சபையில் சொல்லிவிட்டு மொய்க் கவரில் ஐம்பது ரூபாய் வைத்த மாமா மாதிரி.

சரி, அந்தக் கவரில் எவ்வளவு இருக்கிறது?

1995-ல் 13 கோடி டாலரில் ஆரம்பித்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் 58 கோடி அளவுக்கு ஏறியது. 2002-ல் 56.5 கோடி, அடுத்த வருடமே 25 கோடி, அதாவது பாதிக்கும் கீழே விழுந்தது. அப்புறம் 40 கோடி வரை ஏறி மறுபடி இறங்கி, 2014-ல் 18 கோடி, கடைசியாக 2022 முதல் 2024 வரை 23.4 கோடியில் நின்றது. விலைவாசி இத்தனை வருடத்தில் எங்கே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் வேடிக்கை, 2008 முதல் 2011 வரை ஆண்டுக்கு 95 கோடி வரை ஒதுக்கலாம் என்று காங்கிரஸே சட்டத்தில் அனுமதி எழுதி வைத்திருந்தது, கொடுத்தது அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஜார்ஜ் புஷ், ஒபாமா, டிரம்ப் மூன்று பேருடைய நிர்வாகங்களும் வெவ்வேறு வருடங்களில் பட்ஜெட்டில் ஸ்காப்புக்குப் பூஜ்யம் போட்டு அனுப்பின. எல்லா ஊரிலும் கவுண்டி இருக்கிறது, எல்லா கவுண்டியிலும் ஷெரிஃப் இருக்கிறார், எல்லா ஷெரிஃபுக்கும் தெரிந்த எம்பி இருக்கிறார், அதனால் காங்கிரஸ் ஒவ்வொரு தடவையும் அதைத் திருப்பிச் சேர்த்தது. மூன்று அதிபர்களும் ஒத்துப்போன குடியேற்ற விஷயம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதில் நம் கவுண்டிக்கு என்ன வரும்? கைதியின் சாப்பாடு, மருத்துவம், கட்டடம், மின்சாரம் எதற்கும் ஸ்காப் தராது. காவலர் சம்பளம் மட்டும்தான் கணக்கு. கைதியும் எல்லோரும் இல்லை: ஒரு பெருங்குற்றம் அல்லது இரண்டு சிறு குற்றங்களில் தண்டனை உறுதியாகியிருக்க வேண்டும், குறைந்தது நான்கு நாள் தொடர்ச்சியாக உள்ளே இருந்திருக்க வேண்டும், ஆவணமில்லாமல் எல்லை தாண்டி வந்தவராகவோ, விசா நிபந்தனை மீறித் தங்கியவராகவோ, நாடுகடத்தல் நடவடிக்கையில் இருப்பவராகவோ இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் எத்தனை வருடம் உள்ளே இருந்தாலும் கணக்கில் வரமாட்டார். ஆறு மாதம் விசாரணைக் கைதியாக இருந்து நிரபராதி என்று வெளியே போனவரும் வரமாட்டார், அந்த ஆறு மாதச் சோறு கவுண்டியுடையது.

ஒரு கற்பனை கவுண்டியை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஜெயிலில் சராசரியாக 600 பேர், வருடத்துக்கு 2,19,000 கைதி-நாட்கள். காவலர் சம்பளம் மொத்தம் 1.2 கோடி டாலர். வகுத்தால் ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு சுமார் 55 டாலர். தகுதியான 40 பேர் சராசரியாக 45 நாள், ஆக 1,800 நாட்கள். பெருக்கினால் ஏறக்குறைய 98,600 டாலர். நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் நாடு முழுக்க எல்லோரும் கேட்டதைக் கூட்டி, ஒதுக்கிய பணத்தை அதற்கேற்ப விகிதத்தில் பிரிப்பார்கள். அந்த வருடம் கேட்டதில் நாலில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்று வைத்தால் கையில் வருவது 24,600 சொச்சம். முழுச் செலவை நாளைக்கு 150 டாலர் என்று வைத்தால் கவுண்டி செலவழித்தது 2,70,000. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான். இது நான் கட்டிய கணக்கு என்றாலும் உண்மை நிலவரம் இதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை, ஃபெடரல் அரசின் தணிக்கை அலுவலகமே 2005-ல் பெரிய மாநிலங்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வருவது மதிப்பிட்ட செலவில் கால் பங்கு அல்லது அதற்கும் கீழே என்று எழுதியது.

இதிலும் பங்கு கேட்க ஆள் இருக்கிறது. விண்ணப்பத்தை நாங்கள் தயார் செய்கிறோம், நீங்கள் ஒரு பைசா முன்பணம் தர வேண்டாம், வரும் பணத்தில் எங்களுக்கு ஒரு சதவீதம் என்று ஆலோசனை நிறுவனங்கள் சின்ன கவுண்டிகளைச் சுற்றி வருகின்றன, சில ஒப்பந்தங்களில் 22 சதவீதம் வரை பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன 24,600-ல் அதைக் கழித்தால் 19,200. பணம் வருவதும் உடனே இல்லை. ஒரு ஜூலையிலிருந்து அடுத்த ஜூன் வரைக்குமான கைதிகளின் கணக்கு, அப்புறம் விண்ணப்பம், சரிபார்ப்பு, அறிவிப்பு என்று ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். ஆளுக்கு ஞாபகமே இருக்காது, காசு வரும்.

இத்தனை குறை சொல்லிவிட்டு, ஸ்காப்பின் ஒரு நல்ல குணத்தையும் சொல்ல வேண்டும். இது ஏற்கெனவே நடந்து முடிந்த செலவுக்கு வரும் காசு. அந்த 40 பேரும் உங்கள் ஊரில் குற்றம் செய்து, உங்கள் நீதிபதி உள்ளே தள்ளியவர்கள். மானியம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களை நீங்கள் வைத்திருக்கத்தான் போகிறீர்கள். மானியத்துக்காக ஒருவரைக்கூடக் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தூண்டுதல் இதில் இல்லை, நாளைக்கு நின்றுபோனாலும் ஜெயிலில் ஒரு விளக்கும் அணையாது. வந்த பணத்தைச் சிறைச் செலவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2006-லிருந்து நிபந்தனை இருக்கிறது, அது ஒன்றும் பெரிய பாரம் இல்லை.

எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது, அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. நான் தயாரித்த அந்த ஃபைலை நீதித்துறை வாங்கி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பும், அவர்கள் தங்கள் பதிவோடு ஒப்பிட்டு ஒவ்வொரு வரியையும் தகுதி உண்டு, தகுதி இல்லை, ‘தெரியாது’ என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ‘தெரியாது’ வரிகளுக்கும் முழுதாக இல்லாமல் ஒரு பங்கு கணக்கில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ‘தெரியாது’ என்றால் குடியேற்றத் துறையின் பதிவிலேயே இல்லாத ஆள். அவர் பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு மூன்றையும் சில ஆயிரம் டாலருக்காக நாமே தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கிறோம் என்று ஆவணமற்றவர்களுக்காகப் பேசுபவர்கள் சொல்கிறார்கள். கைரேகை எப்படியும் கைதானபோதே குடியேற்றத் துறைக்குப் போய்விடுகிறது, அதற்காக 2008-ல் ஆரம்பித்த செக்யூர் கம்யூனிட்டீஸ் திட்டம் 2013-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது, புதிதாக என்ன கொடுக்கிறோம் என்பது எதிர்வாதம். எனக்கு இந்த எதிர்வாதம் முக்கால்வாசி சரி என்று படுகிறது. மீதிக் கால்வாசி, அந்த இந்தியானா தாத்தா.

அடுத்தது படுக்கை வாடகை. பணத்தைப் பார்த்தால் இதுதான் ராஜா. ஐஸ் உங்கள் ஜெயிலில் 100 படுக்கை எடுத்து நாளைக்கு 110 டாலர் தருகிறது என்றால் வருடத்துக்கு 40 லட்சம் டாலர். ஸ்காப்பின் 24,600-க்கும் இதற்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தே பல கவுண்டிகள் மயங்கின. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது. ஸ்காப் நம் ஊர்க் குற்றத்துக்கு நாம் வைத்த ஆளுக்கான ஈடு. வாடகையில் வருபவர் மேல் நம் ஊரில் வழக்கே இருக்காது, பல பேர் மேல் எந்த ஊரிலும் குற்ற வழக்கு இருக்காது, குடியேற்ற நீதிமன்றத் தேதிக்காகக் காத்திருப்பவர். ஈடு வாங்குகிறவன் செலவைக் குறைக்கப் பார்ப்பான். வாடகை வாங்குகிறவன் அறை காலியாகக் கூடாதே என்று பார்ப்பான். அரசாங்கத்தின் ஒரு கை லாட்ஜ் நடத்த ஆரம்பித்தால் அப்படித்தான்.

டெக்சாஸின் தெற்குக் கோடியில் வில்லசி கவுண்டி, தலைநகரம் ரேமண்ட்வில். பருத்தியும் சோளமும் விளையும் ஏழை ஊர். 2006-ல் கடன் பத்திரம் விட்டுப் பெரிய பெரிய கூடாரங்களாக ஒரு தடுப்பு மையம் கட்டினார்கள், ஊருக்கு ‘டென்ட் சிட்டி’ என்றே பெயர் வந்துவிட்டது. முதலில் ஐஸ் ஆட்கள், 2011-க்குப் பிறகு ஃபெடரல் சிறைத்துறை அனுப்பிய வெளிநாட்டுக் கைதிகள். தலைக்கு இவ்வளவு என்று கவுண்டிக்குப் பங்கு வந்துகொண்டிருந்தது, பட்ஜெட்டும் அதை நம்பியே நின்றது. 2015 பிப்ரவரியில் மருத்துவ வசதி சரியில்லை என்று கைதிகள் கலவரம் செய்தார்கள், கூடாரங்கள் எரிந்தன, அங்கிருந்த ஏறக்குறைய 2,800 பேரையும் வேறு இடங்களுக்கு மாற்றினார்கள், ஒப்பந்தம் ரத்து. நூற்றுக்கணக்கில் வேலை போனது, கடன் பத்திரம் குப்பைத் தரத்துக்கு இறங்கியது. ஆள் போய்விட்டால் கடன் போய்விடுமா? அதே ஊரில் 2018-ல் மறுபடி ஒரு ஐஸ் மையம் திறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊருக்கு வேறு வழி தெரியவில்லை, குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பணக்கார இடங்களிலும் இது தொந்தரவாகத்தான் முடிந்தது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டி 2010-லிருந்து படுக்கைகளை வாடகைக்கு விட்டது. 2016-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரின் ஆட்கள் அங்கே தியோ லேசி ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தபோது சமையலறையில் கெட்டுப்போன இறைச்சி இருந்தது, 2017-ல் அறிக்கை வந்ததும் அது தேசியச் செய்தியானது. 2019-ல் ஷெரிஃப் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார், மனநலச் சிகிச்சை தேவைப்படும் தன் சொந்தக் கைதிகளுக்கு இடம் வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். நியூ ஜெர்சியின் எசெக்ஸ் கவுண்டி கோடிகளில் சம்பாதித்துக்கொண்டிருந்தது, 2021-ல் போராட்டம் தாங்காமல் ஐஸை விட்டுவிட்டுப் பக்கத்து யூனியன் கவுண்டியின் கைதிகளைக் காசுக்கு எடுத்துக்கொண்டது. புத்திசாலித்தனமான வெளியேற்றம் என்பேன், வாடகைக்காரர் மாறினார், வீடு காலியாகவில்லை. இல்லினாய் மாநிலம் சட்டம் போட்டே கவுண்டிகளைத் தடுத்தது, மெக்ஹென்றி, கன்ககி என்ற இரண்டு கவுண்டிகள் எதிர்த்துப் போய் 2022-ல் தோற்றன. ஆக, உங்கள் மாநில அரசு ஒரு நாள் காலையில் இந்த வருமானத்தை மூடிவிட முடியும்.

தமிழர்களுக்கு இந்த வாடகை விவகாரம் கனடா பக்கமிருந்து தெரிந்திருக்கும். 2010 ஆகஸ்டில் எம்வி சன் சீ கப்பலில் 492 ஈழத்தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்து இறங்கியபோது அவர்களை அடைத்து வைத்தது மாகாணச் சிறைகளில்தான், ஆண்களை ஒரு சிறையில், பெண்களை இன்னொன்றில், பிள்ளைகளோடு வந்த தாய்மாரை பர்னபியில் இளையோர் தடுப்பு மையத்தில். மாகாணத்துக்குக் காசு கொடுத்தது மத்திய அரசின் எல்லைச் சேவை முகமை. பன்னிரண்டு வருடம் கழித்து, 2022 ஜூலையில், அதே பிரிட்டிஷ் கொலம்பியாதான் இனி இந்த ஒப்பந்தம் வேண்டாம் என்று முதலில் சொன்னது, அப்புறம் ஒவ்வொரு மாகாணமாகச் சொன்னது. காசு குறைவு என்பதற்காக அவர்கள் விடவில்லை, குற்றமே செய்யாதவர்களைக் குற்றவாளிகளோடு பூட்டி வைப்பது சரியில்லை என்று விட்டார்கள்.

வாடகையிலேயே ஒரு குட்டி வடிவம் ஃபுளோரிடாவில் இருக்கிறது. 2018 ஜனவரியில் பினெல்லாஸ் கவுண்டி ஷெரிஃப் பாப் குவால்டியரி முன்னின்று 17 ஷெரிஃப்கள் ஐஸோடு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். உள்ளூர் வழக்கு முடிந்து வெளியே போக வேண்டியவரை ஐஸுக்காக 48 மணி நேரம் வரை பிடித்துவைக்க ஆளுக்கு 50 டாலர். இரண்டு நாளுக்கு ஐம்பது டாலர் என்றால் அமெரிக்காவில் மட்டமான மோட்டலில்கூட ரூம் தரமாட்டார்கள், இது விலையே இல்லை. இது ஒரு சட்டக் குடை. ஐஸின் ‘பிடித்துவை’ கடிதம் வெறும் வேண்டுகோள்தான், கட்டளை இல்லை, அதை நம்பி ஒருவரைக் கூடுதலாக வைத்திருந்தால் கவுண்டியே பொறுப்பு என்று 2014-ல் பென்சில்வேனியாவின் லீஹை கவுண்டி வழக்கிலும் ஓரிகனின் கிளாக்கமஸ் கவுண்டி வழக்கிலும் தீர்ப்பு வந்திருந்தது. லீஹையில் அப்படி வைத்திருந்தது ஓர் அமெரிக்கக் குடிமகனை! அதற்குப் பிறகுதான், நாங்கள் ஐஸின் ஒப்பந்ததாரர்கள், கைதி சட்டப்படி அவர்களுடையவர் என்று காட்ட ஒரு தொகை தேவைப்பட்டது.

287(ஜி) பக்கம் வருவோம். 1996 சட்டத்தில் வந்தது, உள்ளூர் போலீஸுக்குப் பயிற்சி கொடுத்துக் குடியேற்ற அதிகாரியின் வேலையைச் செய்ய வைப்பது. இதில் பல வருடம் நிலைமை தலைகீழ்: பயிற்சியை ஐஸ் கொடுக்கும், சம்பளத்தைக் கவுண்டி கொடுக்க வேண்டும். டெக்சாஸின் ஹாரிஸ் கவுண்டி, ஹூஸ்டன் இருக்கும் கவுண்டி, பத்து அதிகாரிகளுக்கு வருடம் 6,75,000 டாலர் செலவு செய்துகொண்டிருந்தது, 2017-ல் ஷெரிஃப் எட் கோன்சலஸ் போதும் என்று நிறுத்தி அந்த ஆட்களை ஜெயில் வேலைக்குத் திருப்பினார்.

2025-ல் ஆட்டம் மாறிவிட்டது. ஜூலை 4 கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டத்தில் ஐஸின் தடுப்பு மையங்களுக்கு மட்டும் 4,500 கோடி டாலர். மாநிலங்களும் உள்ளாட்சிகளும் குடியேற்ற வேலைக்குச் செய்த செலவை ஈடுகட்ட 350 கோடியில் ஒரு நிதி, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘பைடன்’ என்று வரும்படி வைத்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைத்தனம்தான், ஆனால் பணம் நிஜம். ஸ்காப்பின் 23.4 கோடியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த அக்டோபரிலிருந்து 287(ஜி) பணிப்படை அதிகாரி ஒவ்வொருவருக்கும் முழுச் சம்பளமும் சலுகைகளும், ஆண்டுச் சம்பளத்தில் கால்பங்கு வரை ஓவர்டைமும் ஐஸ் தருகிறது, கருவிக்கு ஆளுக்கு 7,500 டாலர், வண்டிக்கு ஒரு லட்சம், ஐஸ் தேடும் ஆட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊக்கத்தொகை. ஒப்பந்தங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநிலச் சட்டமே ஜெயில் நடத்தும் ஷெரிஃபை ஒப்பந்தம் போடச் சொல்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை.

தேர்வு இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், இதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் மாரிகோபா. அரிசோனாவின் அந்தக் கவுண்டியில் ஷெரிஃப் ஜோ அர்பையோ 287(ஜி)-யைக் கையில் வைத்துக்கொண்டு லத்தீனோக்களின் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார். 2007-ல் வழக்கு, 2013-ல் இனப் பாகுபாடு என்று தீர்ப்பு, 2025-லும் நீதிமன்றக் கண்காணிப்பு முடியவில்லை. இந்த வழக்குக்கு 20 கோடி டாலருக்கு மேல் செலவு என்று கவுண்டி சொல்கிறது, அதில் பெரும்பகுதி வழக்கோடு சம்பந்தமே இல்லாத செலவு என்று 2025-ல் நீதிமன்றம் நியமித்த கண்காணிப்பாளரின் தணிக்கை சொன்னது. யார் சொல்வது சரியாக இருந்தாலும் மீதி வருவதே கோடிகளில்தான். ஊக்கத்தொகை ஐஸுடையது, வழக்கு கவுண்டியுடையது. கணக்கு எழுதுகிற யாரும் இந்த இரண்டு பத்தியையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

சும்மா இருப்பது? அதில் மானம் இருக்கிறது, சில இடங்களில் அது சரியான முடிவும்கூட. விண்ணப்பிக்க ஆகும் வேலை, வரும் பணத்தைத் தின்றுவிடும் அளவுக்குச் சின்ன ஜெயில் என்றால் விட்டுவிடலாம், வருடத்துக்கு ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் ஒரு ஆள் இரண்டு வாரம் உட்கார்ந்து ஃபைல் தட்டுவது வீண். ‘தெரியாது’ பட்டியல் உறுத்துகிறது என்றாலும், ஏ-நம்பர் உள்ள, குடியேற்றத் துறைக்கு ஏற்கெனவே தெரிந்த கைதிகளை மட்டும் வரிசைப்படுத்தி அனுப்பலாம். தொகை இன்னும் கொஞ்சம் குறையும், தூக்கம் வரும். ஃபைலில் ஆள் குறைந்தால் பணம் குறையுமே தவிர, எல்லோரையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று இல்லை.

ஆகவே நான் போர்டில் இருந்தால் ஸ்காப்புக்குக் கைதூக்குவேன், வாடகைக்கும் 287(ஜி)-க்கும் தூக்கமாட்டேன். ஸ்காப் பணத்தையும் பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதவிடமாட்டேன், 2002-லிருந்து 2003-க்குள் பாதியானதை ஒரு தடவை பார்த்தால் போதும். வந்தால் ஜெயில் கதவுக்கோ காவலர் ஓவர்டைமுக்கோ ஒரு முறைச் செலவாகப் போகட்டும்.

அப்புறம் அந்த 22 சதவீதத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். நான் எழுதிய ஸ்கிரிப்ட் மொத்தமே இருநூறு வரிதான், அதில் நூற்றுப் பத்து வரி ‘ஐ-என்’ என்றால் இந்தியாவா இந்தியானாவா என்று கேட்பதற்கு. அதற்குப் பதில், பதிவு செய்யும் மேசையில் அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரித்து ஒன்றில் நாடு, ஒன்றில் மாநிலம் என்று வையுங்கள். எங்கள் இடத்தில் அதைச் செய்ய இன்னும் ஒரு வருடம் ஆனது.